வாளுக்கும் மந்திரத்துக்கும் ஒரே மேசை

மக்களே, பாறசாலை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், எல்லை தாண்டினால் களியக்காவிளை என்று பல ஊர்ப் பிள்ளைகள் பகடையும் தாளும் எடுத்துக்கொண்டு மேசைக் கதையாட்டம் ஆட உட்காருகிறீர்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுக்கிறார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை பேசுகிறது. ஆட்டம் தொடங்கி நாலைந்து வாரம் போனதும் எல்லா மேசையிலும் ஒரே குறை எழும்: "எல்லாத்தையும் மந்திரவாதியே செய்யியான். நான் வாளும் பிடிச்சுட்டு சும்மா நிக்கியேன்."

இந்தக் குறை சின்னப்பிள்ளைச் சண்டை இல்லை. இந்த ஆட்டம் பிறந்த நாளிலிருந்து கூடவே வரும் கேள்வி. உலகம் முழுவதும் விதி எழுதுகிறவர்கள் இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். நம் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மண்ணிலும் ஒரு பதில் இருக்கிறது. இங்கே அடிமுறை கற்றுத் தரும் ஆசான் வெறும் அடிதடிக்காரர் இல்லை. அவர் வர்மம் அறிந்தவர், எலும்பு கட்டுபவர், எண்ணெய் காய்ச்சுபவர், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுபவர். மந்திரவாதியும் நினைத்த நேரத்தில் நினைத்ததைச் செய்கிறவர் இல்லை. விரதம், நேரம், களம், காணிக்கை என்று அவருக்கு ஆயிரம் கட்டு. வீரனை அகலமாக்கு, மந்திரத்துக்கு விலை வை: நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. சமநிலை என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்.

இருவரும் ஒரே அளவு அடி கொடுக்க வேண்டும் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் பாதி வழியில் சிக்கிக்கொள்வார்கள். ஒருவன் எதிரிக்கு இருபது புள்ளி சேதம் செய்தான், இன்னொருவன் பதினைந்து செய்தான் என்பதால் யாரும் மனம் வாடி வீட்டுக்குப் போவதில்லை. தான் இல்லாவிட்டாலும் கதை இதே வழியில்தான் போயிருக்கும் என்று தெரியும்போதுதான் பிள்ளையின் முகம் சுண்டிப்போகும்.

ஆகவே ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேள்: "இன்று உன்னால் எது மாறியது?" உடனே பதில் வந்தால் அந்தப் பாத்திரம் நன்றாக இருக்கிறது. யோசித்து யோசித்து, "நானும் ரெண்டு பேரை வெட்டினேன்" என்று வந்தால் அங்கே வேலை இருக்கிறது. இதைத் தொடர்ந்து குறித்து வை. ஒருவரே வாரம் தவறாமல் மென்று விழுங்கிப் பதில் சொன்னால், குறை அவருடைய பகடையில் இல்லை, உன் விதியிலோ நீ கதை அமைக்கும் முறையிலோ இருக்கிறது.

2. இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டபோது அதில் மூன்று வகைப் பாத்திரங்கள்தாம் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. மந்திரத்தைப் படித்து மனத்தில் ஏற்றி, ஒருமுறை சொன்னதும் அது மறந்துபோகும் முறையை ஜாக் வான்ஸின் 1950-ஆம் ஆண்டுக் கதைகளிலிருந்து எடுத்தார்கள். அந்த முறைக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொடக்கத்தில் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அடுத்து வந்த பதிப்பில் அவன் உயிர்ப்புள்ளிக்கு நான்முகப் பகடை, வீரனுக்குப் பத்துமுகப் பகடை. ஓர் அம்பு பட்டால் மந்திரவாதி செத்தான். மந்திரம் சொல்லி முடிக்கும் முன் அடி விழுந்தால் மந்திரமும் போயிற்று. வீரனோ ஒன்பதாம் லெவலில் கோட்டை கட்டி, படை சேர்த்து, சிற்றரசனாக ஆனான்.

பின்னால் வந்தவர்கள் ஆட்டம் வேகமாக ஓட வேண்டும் என்று இந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். மந்திரவாதியின் பலவீனம் போயிற்று. வீரனின் கோட்டையும் படையும் போயின. 2000-ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. வீரன் ஒவ்வொரு படியாக ஏற, மந்திரவாதி படிக்குப் படி இரட்டிப்பாக வளர்ந்தான். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே அமைப்பைக் கொடுத்துக் கணக்கைச் சரிசெய்தது. ஆனால் வாளும் மந்திரமும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று பலர் முகம் சுளித்தார்கள். 2014-இல் மறுபடி வேறு வழி. 2024 பதிப்பில் வீரனுக்கு ஆயுதம் தோறும் தனித்திறன் வந்தது: ஒன்று தள்ளும், ஒன்று கீழே வீழ்த்தும், ஒன்று வேகத்தைக் குறைக்கும்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள். ஒரு விதி தொந்தரவாக இருக்கிறது என்று அதை எடுக்கும் முன், அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பார்.

3. கணக்குப் போட்டுப் பார், பிறகு பேசு.

2014 பதிப்பில் ஐந்தாம் லெவல் வீரன் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு வெட்டுவான். பெரிய வாள் என்றால் வெட்டுக்குச் சராசரி 11 புள்ளி. நூற்றுக்கு 65 வெட்டு படும் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 14. அதே லெவல் மந்திரவாதிக்கு நாளுக்கு இரண்டு தீக்கோளம் உண்டு. ஒவ்வொன்றும் எட்டு அறுமுகப் பகடை, சராசரி 28. எதிரிகளில் பாதிப் பேர் தப்பிப் பாதி சேதம் மட்டும் வாங்கினால் ஆளுக்கு 21. நான்கு பேர் மாட்டினால் 84. மற்ற சுற்றுகளில் தீயம்பு எறிந்தால் சுற்றுக்கு 7.

இப்போது நாளுக்கு ஒரே சண்டை, நான்கு சுற்று என்று வை. வீரனுக்கு 56. மந்திரவாதிக்கு இரண்டு தீக்கோளம் 168, இரண்டு தீயம்பு 14, மொத்தம் 182. மூன்று மடங்குக்கு மேல். அதே நாளில் ஆறு சண்டை, ஒவ்வொன்றும் நான்கு சுற்று என்று வை. வீரனுக்கு 24 சுற்றில் 336. மந்திரவாதிக்குத் தீக்கோளத்தில் 168, மீதி 22 சுற்றில் 154, மொத்தம் 322. சின்ன மந்திரங்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். வீரனுடைய சிறப்பு ஆற்றல்களைச் சேர்த்தால் இந்தப் பக்கமும் கூடும். எப்படியும் இருவரும் அருகருகே வந்துவிடுகிறார்கள்.

விதி ஒன்றுதான், பாத்திரங்களும் அவைதாம். மாறியது நாளின் நீளம் மட்டும். அந்தப் பதிப்பின் கேம் மாஸ்டர் நூலே ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டுச் சண்டை என்று கணக்கு வைத்துத்தான் எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு பெரிய சண்டை வைத்துவிட்டு வீரன் தேறவில்லை என்று சொன்னால் குற்றம் வீரனுடையது இல்லை.

4. நாளை நீட்டு. ஓய்வைச் சும்மா கொடுக்காதே.

ஆறு சண்டை வைக்க நேரமில்லை என்பாய். சரிதான். ஆட்டத்தின் நாளும் நம் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் போகும் பழைய வழியை எடுத்துக்கொள். அது நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போகும். அந்தப் பயணம் முழுவதையும் ஒரே நாளாக வைத்து மூன்று வாரம் ஆடு. வழியில் சத்திரத்தில் படுத்தால் உடல் அலுப்பு தீரும், ஆனால் பெரிய மந்திரங்கள் திரும்பாது. பத்மநாபபுரம் போய்ச் சேர்ந்து, பாதுகாப்பான கூரைக்குக் கீழ் ஏழு நாள் இருந்தால்தான் அவை முழுவதும் திரும்பும். இப்படி ஒரு விதி வைத்தால் மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்தையும் எண்ணிச் செலவழிப்பான்.

கூடவே காலக்கெடு வை. "நாளை மாலைக்குள் ஓலை அரண்மனைக்குப் போகாவிட்டால் கோட்டைக் கதவு எதிரிக்குத் திறக்கும்" என்று சொல். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படுத்துத் தூங்கலாம் என்ற யோசனை தானாகவே நின்றுவிடும். வீரனுடைய வாள் மாலையிலும் காலையில் வெட்டியது போலவே வெட்டும். அந்தப் பெருமை அவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் மாலை என்று ஒன்று ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

5. மந்திரவாதியை நறுக்காதே. வீரனை ஆசானாக்கு.

இதுதான் என் அறிவுரைகளில் முதன்மையானது. குறை கேட்டதும் பலர் மந்திரப் பட்டியலை எடுத்து வெட்டத் தொடங்குவார்கள். அப்போது ஒரு பிள்ளை மகிழ்வதற்கு மாறாக இரண்டு பிள்ளைகள் வருந்துவார்கள். வீரன் ஏன் மெலிந்து நிற்கிறான் என்று பார். மந்திரவாதிக்கு இருநூறு வழி இருக்க, அவனுக்கு "வெட்டுகிறேன்" என்ற ஒரே வழிதான் கொடுத்திருக்கிறோம்.

நம் தெற்கத்தி முறையைப் பார். சுவடு கற்று, வெறுங்கை கற்று, குறுவடி, நெடுவடி, வாள் என்று போய் வர்மத்தில் வந்து நிற்கும். வர்மம் 108 என்பது மரபு. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்பதைச் சொல்லும் அதே கலை, விழுந்தவனை எங்கே தொட்டு எழுப்புவது என்பதையும் அடங்கல், இளக்குமுறை என்று சொல்லித் தருகிறது. 'இந்தியன்' படம் 1996-இல் வர்மத்தையும் 'பட்டாஸ்' 2020-இல் அடிமுறையையும் திரையில் காட்டின. ஆனால் படம் காட்டாத பாதி வைத்தியம்தான்.

இதை விதியாக்கு. நான் வைத்திருப்பது இப்படி. ஆசான் வகுப்புக்கு வெட்டு பட்டதும் ஒரு தேர்வு உண்டு: சேதத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால் ஒரு தொடுவர்மம் வைக்கலாம். கை வர்மம் என்றால் எதிரி அடுத்த முறை ஆயுதம் எடுக்க முடியாது. தொண்டை வர்மம் என்றால் மந்திரம் சொல்ல வாய் வராது. கால் வர்மம் என்றால் நின்ற இடத்தில் நிற்பான். எதிரிக்குப் பகடையில் தப்ப வாய்ப்பு உண்டு. விழுந்த தோழனை ஆசான் ஒரு நிமிடம் தடவினால் அவன் எழுந்து உட்காருவான், மந்திரம் தேவையில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே பழைய அடி இருக்கிறது, எந்தக் கையில் வலு குறைவு என்று கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், உண்மைப் பதில் கிடைக்கும்.

இவற்றில் எதுவும் மந்திரம் இல்லை. கற்ற கையின் வேலை. ஆனால் இப்போது அவன் கையில் "வெட்டுகிறேன்" தவிர ஐந்து வழி இருக்கிறது. மந்திரவாதியிடமிருந்து ஒன்றும் பிடுங்கவும் இல்லை.

6. மந்திரத்துக்கு விலை வை. விலை கண்ணுக்குத் தெரியட்டும்.

கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதீகமாலையில் மந்திரவாதி கடமற்றத்துக் கத்தனாரின் கதை இருக்கிறது. காட்டுவழியில் போகிறவர்களிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்லும் யட்சியை அவர் அடக்குகிறார். எப்படி? அவள் தலையில் இரும்பாணி அடித்து. பிறகு அவள் சாதுவான பெண்ணாகக் கூடவே வருகிறாள். காயங்குளத்தில் ஒரு வீட்டுக் கிழவி அவள் தலையைக் கோதும்போது ஆணியைப் பார்த்துப் பிடுங்கிவிடுகிறாள். யட்சி அந்த நொடியே தப்பிவிடுகிறாள்.

விதி எழுதுகிறவன் இந்தக் கதையை மூன்று தடவை படிக்க வேண்டும். பெரிய மந்திரத்துக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அந்தப் பொருள் வெளியே தெரியும்படி இருந்தது. மந்திரம் அறியாத ஒரு மூதாட்டியால் அதை அவிழ்க்க முடிந்தது. உன் மேசையிலும் பெரிய மந்திரங்களுக்கு இப்படி ஒரு ஆணி வை. கட்டும் மந்திரத்துக்கு ஒரு சரடு, காவல் மந்திரத்துக்கு ஒரு தகடு, அழைக்கும் மந்திரத்துக்கு அரிசிமாவுக் களம். சரடு அறுந்தால் கட்டு விடும். களம் மிதிபட்டால் வந்தது திரும்பும். அப்போது அந்தக் களத்தைக் காத்து நிற்க ஒரு வாள் வேண்டும். எதிரி மந்திரவாதியின் களத்தைப் போய் அழிக்கவும் ஒரு வாள் வேண்டும்.

ஆனால் விலை என்ற பெயரில் மந்திரவாதி ஆடும் பிள்ளையைத் தண்டிக்காதே. மந்திரம் சொன்னால் பைத்தியம் பிடிக்கும், கண் போகும் என்று பகடையில் வைத்தால் அவன் மந்திரமே சொல்லாமல் உட்கார்ந்திருப்பான். அவன் கண்ணைத் திறந்துகொண்டு கொடுக்கும் விலையே நல்ல விலை.

7. ஒருவருடைய தொழிலை மந்திரம் பறிக்க விடாதே.

பூட்டுத் திறக்கக் கற்றவன் பல லெவலாகப் பழகியிருப்பான். மந்திரவாதி ஒரு சொல் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டால் அவன் பழக்கம் வீண். இதற்கு 2014 பதிப்பில் ஒரு நல்ல வழி இருக்கிறது. திறக்கும் மந்திரம் சொன்னால் முந்நூறு அடி தூரத்துக்குக் கேட்கும்படி 'டொக்' என்று சத்தம் வரும். கதவு திறக்கும், காவலாளியும் எழுவான். ஓசையில்லாமல் திறக்க வேண்டுமென்றால் பூட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டும்.

எல்லா மந்திரத்தையும் இந்தக் கண்ணால் பார். பறக்கும் மந்திரம் மரமேறியின் வேலையைப் பறிக்கிறதா? பறப்பவனை ஊரே பார்க்கும் என்று வை. மனத்தை மயக்கும் மந்திரம் பேச்சுக்காரனின் வேலையைப் பறிக்கிறதா? மயக்கம் தெளிந்ததும் அந்த ஆள் பகையாளி ஆவான் என்று வை. மந்திரம் வேகமாக முடிக்கட்டும். பழகிய கை சுத்தமாக முடிக்கட்டும். எது வேண்டும் என்பதை அன்றைய நிலைமை சொல்லும்.

8. சண்டைக்கு வெளியே வீரனுக்கு ஒரு நாற்காலி போடு.

பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் விழுந்த வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளையின் கதையை நம் பக்கத்தில் தமிழ்ப் பாட்டாகவே பாடிவருகிறார்கள். வீட்டுப் பெண்களின் கெட்ட கனவு தடுத்தும் அவர் போகிறார். அவர் விழுந்த பிறகு, தலையை மீட்டு வர அவருடைய ஆள் ஒருவன் நாயக்கர் பாசறைக்கே போகிறான். வாள்வீச்சுக்காக மட்டும் யாரும் அப்படிப் போவதில்லை. வீரனுக்குப் பெயர் உண்டு, ஆட்கள் உண்டு, வாக்கு உண்டு. அது அவனுடைய சக்தி.

பழைய விதியில் ஒன்பதாம் லெவலில் கிடைத்த கோட்டையும் படையும் இந்த உண்மையைத்தான் பிடித்திருந்தன. அதைத் திரும்பக் கொண்டுவா, அவ்வளவு நாள் காக்கவும் வேண்டாம். மூன்றாம் லெவலிலேயே ஆசானுக்கு ஐந்து சீடர்களைக் கொடு. ஐந்தாம் லெவலில் மூன்று ஊர்களில் களரி கொடு. எந்த ஊருக்குப் போனாலும் அவனிடம் கற்றவன் ஒருவன் கதவைத் திறப்பான். மந்திரவாதியைக் கண்டு ஊர் பயப்படும். ஆசானைக் கண்டு ஊர் கூடும்.

வாளும் மந்திரமும் இரண்டும் வேண்டாத வழி ஒன்றையும் ஒவ்வொரு கதையிலும் விட்டு வை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவைப் பார்த்திருப்பாய். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மர் அந்தப் பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது வழக்கு. சி.வி. ராமன்பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாவலால் அந்தக் காலக் கதைகள் ஊரெல்லாம் பரவின. பின்னாளில் 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றவரை, அந்த வழக்கின்படி, அன்று காத்தது ஒரு மரம்.

9. களத்தை அமை. எதிரியைக் கொத்தாக நிறுத்தாதே.

ஆறு பேரை ஒரே இடத்தில் நிறுத்தினால் தீக்கோளத்துக்கு நீயே விருந்து வைக்கிறாய். ஒரு களத்தைக் காட்டுகிறேன். நம் பக்கம் ஒரு மந்திரவாதி, ஓர் ஆசான், ஓர் ஒற்றன் என்று மூன்று பேர். நெய்யாற்றில் நடு ஆற்றில் ஒரு தோணி. தோணியில் எதிரி மந்திரவாதி, மாவுக் களம் வரைந்து, மூன்று சுற்றில் பெரிய ஏவல் ஒன்றை முடிக்கப் போகிறான். இக்கரையில் மூன்று காவலர், அக்கரையில் மூன்று காவலர். ஒவ்வொரு காவலர் பக்கத்திலும் பிடித்து வைத்த ஊர்க்காரர்கள்.

முதல் சுற்று: நம் மந்திரவாதி தீ எறிய முடியாது, ஊர்க்காரர்கள் எரிவார்கள். அவன் ஆற்றில் மூடுபனி இறக்குகிறான், அக்கரைக்காரர்கள் குறி தவறுகிறார்கள். ஆசான் இக்கரைக் காவலன் ஒருவனுக்குக் கை வர்மம் வைக்கிறான், கத்தி கீழே விழுகிறது, பிடிபட்டவள் ஓடுகிறாள். இரண்டாம் சுற்று: ஆசானுடைய சீடர்கள் மற்ற இருவரையும் பிடித்துக்கொள்ள, ஒற்றன் தண்ணீரில் இறங்கித் தோணிக் கயிற்றை அறுக்கிறான். தோணி சுழல்கிறது. எதிரி மந்திரவாதி தடுமாறுகிறான், ஆனால் களம் இன்னும் அழியவில்லை. மூன்றாம் சுற்று: நம் மந்திரவாதி தன் கடைசிப் பெரிய மந்திரத்தில் ஆசானைத் தோணிக்குத் தாவ வைக்கிறான். ஆசான் ஒரே மிதியில் களத்தை அழிக்கிறான், தொண்டை வர்மத்தில் எதிரியின் வாய் அடைகிறது.

ஆட்டம் முடிந்ததும் "உன்னால் எது மாறியது?" என்று கேள். மூன்று பேருக்கும் பதில் இருக்கும். இதற்கு நான் புது விதி ஒன்றும் சேர்க்கவில்லை. ஆளைப் பிரித்து நிறுத்தினேன், ஊர்க்காரரை நடுவில் வைத்தேன், மூன்று சுற்று என்று கெடு வைத்தேன்.

10. வீரனாக ஆடுகிற பிள்ளையே, "வெட்டுகிறேன்" என்று மட்டும் சொல்லாதே.

பகடையை உருட்டும் முன் எப்படி, எங்கே, எதற்காக என்று சொல். "கேடயத்தைப் பிடித்து இழுத்து அவனைப் படிக்கட்டில் உருட்டுகிறேன்" என்று சொல். 2012-இல் வந்த 'டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்' விதியில் இதற்கென்றே வீரனுக்குத் தனிப் பகடை உண்டு. தாக்கும் பகடையோடு அதையும் உருட்ட வேண்டும். அடி பட்டு, அந்தப் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் நீ சொன்ன வீரச்செயல் நடக்கும். பட்டியல் கிடையாது, உன் கற்பனைதான் பட்டியல். எந்த விதியோடும் இதை ஒட்டிக்கொள்ளலாம்.

கேம் மாஸ்டருக்கும் இதில் கடமை உண்டு. மந்திரவாதி "பறக்கிறேன்" என்றால் கேள்வி கேட்காமல் தலையாட்டுவாய். வீரன் "விழுதைப் பிடித்துத் தாவுகிறேன்" என்றால் நான்கு பகடை உருட்டச் சொல்வாய். அந்தப் பழக்கத்தை இன்றே விடு. பத்தாம் லெவல் வீரன் நம் வில்லுப்பாட்டில் வரும் நாயகன் மாதிரி. சாதாரண மனிதனால் முடியுமா என்ற அளவுகோல் அவனுக்குப் பொருந்தாது.

11. மந்திரவாதியாக ஆடுகிற பிள்ளையே, உன் மிகப் பெரிய மந்திரம் தோழன்மேல் போடுவது.

2014 விதியில் வேகம் கூட்டும் மந்திரம் ஒன்று உண்டு. அதை வீரன்மேல் போட்டால் அவனுக்கு இன்னொரு வெட்டு கிடைக்கும், கால் வேகம் இரட்டிப்பாகும். நீ மனத்தை ஒருநிலைப்படுத்தி வைத்திருக்கும் வரைதான் அது நிற்கும். உனக்கு அடி விழுந்தால் பகடை உருட்டித் தாங்க வேண்டும். தவறினால் மந்திரம் போகும், வீரனும் ஒரு சுற்று சோர்ந்து நிற்பான். ஆகவே அவன் உன்னைக் காப்பான், நீ அவனைத் தூக்கிவிடுவாய். இருவருடைய உயிரும் ஒரு சரட்டில் கோத்திருக்கும். இந்த ஆட்டத்தில் இதைவிட அழகான தருணம் எனக்குத் தெரியாது.

எல்லாக் கதவையும் நீயே திறக்க ஆசை வரும். முடியும் என்பதற்காகச் செய்யாதே. மற்றவருக்கு வழி இருக்கும் இடத்தில் பொறு, யாருக்கும் வழியில்லாத இடத்தில் எழுந்திரு. அப்போது உன் ஒரே சொல்லுக்கு மேசையே கைதட்டும்.

12. ஊர் கும்பிடும் தெய்வத்தை அடித்து வீழ்த்தும் எதிரியாக வைக்காதே.

இசக்கியும் சுடலைமாடனும் நம் பக்கத்தில் விளக்கு வைத்துக் கும்பிடும் தெய்வங்கள். அவர்களுக்கு உயிர்ப்புள்ளி எழுதிப் பகடை உருட்டுவது முறையில்லை. அவர்களைக் கதையில் நடுவராக வை. காவலெல்லை தாண்டினால் மந்திரம் பலிக்காது என்று வை. வாக்குத் தவறிய வீரனுக்கு வாள் கனக்கும் என்று வை. இரு வகுப்புக்கும் மேலே ஒரு நீதி இருக்கிறது என்று தெரிந்தால் சமநிலையும் எளிதாகும். கற்பனைப் பெயரைச் சூட்டி நீயே புது யட்சி, புது மாடன் படைத்துக்கொள்ளவும் தடை இல்லை.

13. விதியை மாற்றினால் எல்லார் முன்னும் மாற்று.

மேசைக்கு நடுவே, சண்டைக்கு நடுவே, ஒருவருக்குச் சாதகமாக விதியை வளைக்காதே. அன்றைய ஆட்டம் முடிந்ததும் பேசு. "மூன்று ஆட்டத்துக்கு இப்படி வைத்துப் பார்ப்போம்" என்று சொல், தாளில் எழுது, நான்காம் ஆட்டத்தில் கேட்டு முடிவு செய். தமிழில் ஒருவரும் மலையாளத்தில் ஒருவரும் பேசுகிற மேசை என்றால் இரண்டு மொழியிலும் ஒருமுறை வாசித்துக் காட்டு. விதி எல்லாருக்கும் ஒன்றாகப் புரிந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் நாளை நீட்டிப் பார். போதவில்லை என்றால் வீரனுக்கு வர்மம் கொடு. அதுவும் போதவில்லை என்றால்தான் மந்திரத்தின் விலையைத் தொடு. இந்த வரிசையை மாற்றாதே. பெரும்பாலான மேசைகளில் மூன்றாவது படிக்கு வேலையே வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டை தொடங்கும்போது, முதல் கேள்வியை வாள் பிடித்த பிள்ளையிடம் கேள்: "நீ என்ன செய்யப்போறே மக்கா?" அவன் "வெட்டுகிறேன்" என்றால், "எப்படி?" என்று கேள். அவன் சொல்லும் விதத்துக்கு ஏற்ப விதியை நீ எழுது.